பால்மா பக்கெட் நிறையக் குளோரின்

இது நடந்து ஏழெட்டு வருடம் இருக்கும். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் முடிந்து, விடுமுறைக்கு மலையகத்தில் வட்டவளைக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். ஆனி மாதம். வட்டவளைப் பக்கத்து ஆனி மழையை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அறியாதவர்களுக்குச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். துவைத்துப் போட்ட துணி ஒரு கிழமையானாலும் காயாது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கும் கணக்குக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. சாதாரண தரத்தில் தட்டுத்தடுமாறிச் சித்தியடைந்ததோடு, இனி இதன் முகத்திலேயே விழிப்பதில்லை என்று முடிவு கட்டி, உயர்தரத்தில் உயிரியல் பிரிவை எடுத்தேன். எங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவே இருக்கவில்லை என்பது வேறு விஷயம். இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். ஆனால் இரசாயனவியல் என்றால் எனக்கு உயிர். எது எதோடு சேரும், என்ன நிறம் வரும், எது அடியில் படியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கணக்கு வரும் கேள்விகளை மட்டும் ஓரமாக விட்டுவிட்டு, மற்றவற்றில் புள்ளிகளை அள்ளிவிடுவேன். அப்படி அள்ளித்தான் கெம்பஸ் போனேன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து விஞ்ஞான பீடத்துக்குப் போன முதல் ஆள் நான்.

அங்கே போனால், கணக்கு எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. உயிரியல் பிரிவிலிருந்து வந்தவர்களுக்கென்றே ஒரு கணிதப் பாடம், அதுவும் கட்டாயம். எங்களைப் போன்ற நாலைந்து பேர் கடைசி வாங்கில் உட்கார்ந்துகொண்டு, கெமிஸ்ட்ரி படிக்க வந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று புலம்புவோம். பரீட்சை நெருங்கும்போது, கணிதம் தெரிந்த சக மாணவர்கள் எங்களைப் போன்றவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். அதற்குக் குப்பி என்று பெயர். அந்தக் குப்பி வகுப்புகளில் சூத்திரங்களை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிட்டேன்.

பௌதிக இரசாயனவியல் எடுத்த விரிவுரையாளருக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடை பிழையாக இருந்தால் வெட்ட மாட்டார். எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால், இது எவ்வளவு பெரியது என்று ஒரு கேள்வி மட்டும் எழுதி வைப்பார். என் விடைத்தாள் முழுக்க அந்தக் கேள்விதான். ஒரு தடவை என் கணக்கில் வந்த மூலக்கூறு எங்கள் விரிவுரை மண்டபத்துக்குள்ளேயே அடங்காத நீளத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் காட்டி விழுந்து விழுந்து சிரித்தேன். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால் என்ன, முறை சரிதானே என்று அவர்மேல் எரிச்சல் வேறு.

இப்படிப்பட்ட நான்தான் அந்த ஆனியில் வீட்டில் இருந்தேன்.

ஒரு நாள் விடாத மழையில் மேல் மலையில் மண் சரிந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் எங்கள் லயங்களுக்குத் தண்ணீர் வரும் ஊற்று அந்தப் பக்கம்தான். ஊற்றிலிருந்து குழாய் வழியாக ஒரு சீமெந்துத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்துதான் எல்லா லயத்துக் குழாய்களுக்கும், பிள்ளைக்காம்பராவுக்கும் தண்ணீர் போகும். மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தைத்தான் நாங்கள் பிள்ளைக்காம்பரா என்போம். சரிவுக்குப் பிறகு தண்ணீர் கலங்கலாக வந்தது. நான்கைந்து பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லலாம், ஆனால் நனைந்த விறகை வைத்துக்கொண்டு சோறாக்குவதே பெரும்பாடாக இருந்த நாட்கள் அவை.

சுகாதாரப் பரிசோதகரால் வர முடியவில்லை, பாதை மண்ணால் மூடிக் கிடந்தது. குளோரின் தூள் ஒரு பையை யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டு, தோட்டத் தலைவருக்கு அழைப்பு எடுத்தார். தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர், எங்களுக்கு மாமா முறை. மாமா கைப்பேசியோடு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

"பாப்பா, நீ பேசும்மா. மருந்து போடுற வெவரம் சொல்றாரு. கெமிஸ்ட்ரி படிக்கிற புள்ள நீ இருக்கையில நாங்க எதுக்குக் குறுக்க?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பரிசோதகர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். ஆயிரம் லீட்டருக்கு ஏழு கிராம் தூள். வாளியில் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டியின் அளவைச் சொன்னால், எத்தனை கரண்டி என்று நானே கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார். தேவையில்லை சேர், நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிக்கிறேன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த வசனத்தை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

தொட்டியை அளந்தோம். எட்டடி நீளம், ஆறடி அகலம், தண்ணீர் நாலடி. பெருக்கினால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கன அடி. ஒரு மீட்டருக்கு மூன்று தசம் இரண்டு எட்டு அடி என்பது எனக்கு மனப்பாடம். கைப்பேசியில் வகுத்தேன். ஐம்பத்தெட்டு கன மீட்டர் சொச்சம், அதாவது ஐம்பத்தெண்ணாயிரம் லீட்டருக்கு மேல். ஏழு கிராம்படி பார்த்தால் நானூறு கிராம். கடைத் தராசில் தூளை நிறுத்து, வெறும் நானூறு கிராம் பால்மா பக்கெட் உறை ஒன்றில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பக்கெட் நிறைந்திருந்தது.

கரைத்தது, தெளிய விட்டது, வடித்தது எல்லாம் நான்தான். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஒரு துளி பிசகாமல் செய்தேன். சுற்றி நின்றவர்களுக்கு, இந்தத் தூள் தண்ணீரில் என்னவாக மாறுகிறது, கிருமியை எப்படிக் கொல்கிறது என்று ஒரு சின்ன விரிவுரையும் நடத்தினேன். அம்மா சற்றுத் தள்ளி, குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. என் இரசாயனவியலில் அன்று ஒரு பிழையும் இல்லை.

மறுநாள் காலையில், பாதையில் ஒரு பக்கம் மண் அகற்றியாயிற்று என்று கேள்விப்பட்டதும், முதல் பஸ்ஸில் அட்டனுக்குப் போய்விட்டேன். முதல் நாள் மருந்து போடும் முன்பே பிடித்து வைத்த தண்ணீரில்தான் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பினேன். பகலில் திரும்பி வந்து, கால் கழுவக் குழாயைத் திறந்தேன். குப்பென்று நெடி. கண் எரிந்து நீர் வழிந்தது. அப்போதுகூட என் மண்டைக்கு உறைக்கவில்லை. ஆகா, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நினைத்தேன். நம்புவீர்களோ தெரியாது, திருப்தியாகவும் இருந்தது.

பிள்ளைக்காம்பரா எங்கள் லயத்துக்குக் கீழேதான். பிள்ளைகள் கத்தும் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, ஒரு குழந்தையை மடியில் போட்டு, தம்ளரை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அது தலையைத் தலையை ஆட்டி அழுதது. இன்னொன்று மூலையில் வாந்தி எடுத்திருந்தது. மூன்றாவதாக ஒன்று இழுத்து இழுத்து இருமியது. உதட்டைச் சுற்றிச் சிவந்திருந்தது.

என்னைக் கண்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது.

"பாரு, ஒங்க கெம்பஸ் அக்கா வந்துட்டாங்க. அவங்க போட்ட மருந்துத் தண்ணி, குடிச்சாத்தான வயித்துவலி போகும்?" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நெடி அடிக்குதுன்னு எதுவும் குடிக்க மாட்டேங்குதும்மா. நான் விடல. சீனி போட்டுக் கலக்கி, காலைலருந்து எல்லாத்துக்கும் குடுத்துட்டேன்."

 எங்கிருந்தோ அந்தச் சிவப்புப் பேனைக் கேள்வி வந்து முன்னால் நின்றது. ஐம்பத்தெண்ணாயிரம் லீட்டர். அது எவ்வளவு பெரியது?

எனக்கு அது தெரியும். தெரியாமல் இல்லை. சின்ன வயதில் ஒரு கடும் வெயில் காலத்தில் ஊற்று வற்றி, பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து அதே தொட்டியில் நிரப்பினார்கள். ஒரே ஒரு பவுசர். அது காலியாகும் முன்பே தொட்டி நிரம்பி வழிந்தது. வழிந்த தண்ணீரில் நாங்கள் எல்லோரும் கூத்தடித்தோம். பவுசரின் வயிற்றில் ஆறாயிரம் லீட்டர் என்று பெரிதாக எழுதியிருந்ததை நானே எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறேன். என் கணக்குப்படி பார்த்தால் அந்தத் தொட்டிக்குள் பத்து பவுசர் தண்ணீர் இருக்க வேண்டும்.

மீட்டருக்கு மாற்றும்போது நீளம், அகலம், ஆழம் என்று மூன்றையும் மாற்றியிருக்க வேண்டும். மூன்று தடவை வகுக்க வேண்டியதை நான் ஒரே தடவை வகுத்துவிட்டு, படித்த மேதை போல நிமிர்ந்திருக்கிறேன். தொட்டியில் இருந்தது ஐயாயிரத்துச் சொச்சம் லீட்டர்தான். மூன்று மேசைக்கரண்டித் தூள் போதும். நான் போட்டது பத்து மடங்கு.

தம்ளரைப் பிடுங்கி வெளியே வீசினேன். அக்கா பதறிப்போனார். கூடிடுச்சுக்கா, மருந்து கூடிடுச்சு, கொடுக்காதீங்க என்று மட்டும்தான் வாயில் வந்தது. அவர் என்னை நம்ப முடியாமல் பார்த்தார். பிழை நடந்ததை நம்ப முடியவில்லை அவருக்கு, அதுவும் என்னிடம். பிறகு மூன்று பிள்ளைகளையும் தோட்ட டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இருமிய குழந்தையை அங்கிருந்து வட்டவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாமா ஆட்களோடு போய்த் தொட்டியின் அடி அடைப்பைத் திறந்துவிட்டார். ஒவ்வொரு வீடாக, குடங்களில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை வாசல் வடிகால் கானில் ஊற்றினார்கள். லயம் முழுக்க அந்த நெடி.

ஆனால் மலைக்குப் போனவர்களுக்கு யார் சொல்வது? எல்லோரும் போத்தலில் தண்ணீர் கொண்டுபோயிருப்பார்கள். நான் போகிறேன் என்றேன். வேறு யாரையும் அனுப்ப எனக்கு வாய் வரவில்லை.

கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் எல்லோரும் தராசைச் சுற்றி, மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் படங்கோடு வரிசையில் நின்றார்கள். மூச்சிரைக்க ஏறிப் போய், அவ்வளவு பேர் முன்னாலும் நின்று, நான் போட்ட மருந்து பத்து மடங்கு கூடிவிட்டது, தண்ணீரைக் குடிக்காதீர்கள், போத்தலை எல்லாம் கொட்டிவிடுங்கள் என்றேன்.  தராசு மட்டும் ஆடியது. பிறகு ஒவ்வொருவராகக் கூடைக்குப் பக்கத்தில் இருந்த போத்தலை எடுத்துக் கவிழ்த்தார்கள்.

வரிசையின் நடுவில் அம்மா நின்றார். அவர் கையில் இரண்டு போத்தல்கள், இரண்டும் வெறுமையாக இருந்தன. அம்மா எப்போதும் ஒன்றுதான் கொண்டுபோவார்.

"எம் மக போட்ட தண்ணின்னு எல்லாருக்கும் குடுத்தேன்மா," என்றார். "நாக்கு கொஞ்சம் எரிஞ்சிச்சு. மருந்துன்னா அப்பிடித்தான் இருக்கும்னு நான்தான் சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மற்றவர்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். நான் செய்த பிழைக்கு என் அம்மா அந்தப் பெண்கள் முன்னால் தலை குனிந்து நின்றதைப் பார்த்தபோது, தேயிலைச் செடிக்குள் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

பின்னேரம் பரிசோதகர் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார். காலியான தொட்டியைப் பார்த்தார். யார் இவ்வளவு போட்டது என்று உரத்துக் கேட்டார். மாமா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார், நாங்கதான் சேர், இந்தப் பிள்ளை சரியாத்தான் சொல்லிச்சு, எங்களுக்குத்தான் அளவு விளங்காமக் கூடப் போட்டுட்டோம் என்று. சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பக்கெட் நிறைய நானே தூளைக் கொட்டியதைக் கண்ணால் கண்டவர்கள். பரிசோதகர் மாமாவைப் பிடிபிடியென்று பிடித்தார். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் விளங்காதா, பிள்ளைகள் செத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டார். மாமா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

நான் பேசினேன். ஆனால் உடனே பேசவில்லை. அந்தத் திட்டு ஓரளவு முடியும் வரை என் நாக்கு அசையவில்லை என்பதுதான் உண்மை. ஒருவேளை இப்படியே போய்விடட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று காத்திருந்தது. பிறகுதான் முன்னால் வந்து, இல்லை சேர், கணக்குப் பார்த்தது நான், போட்டதும் நான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கெம்பஸ் பிள்ளை என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். மாமாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஆஸ்பத்திரியில் இருந்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார். என்னை ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவர் போனதும் மாமா என்னைக் கடிந்துகொண்டார்.

"எதுக்கும்மா வாயத் தொறந்த? எங்கள ஏசுறது புதுசா? ஒம் பேரு கெட்டுச்சுன்னா அடுத்த புள்ளயக் கெம்பஸ் அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்?"



ஆஸ்பத்திரிக்குப் போன குழந்தை மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் தாயைக் குழாயடியில் கண்டேன். ஓடி ஒளியப் பார்த்தேன். அவர் கூப்பிட்டு, இப்ப நல்லா இருக்காம்மா, சாப்பிட்டான், நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத என்று என்னைத் தேற்றினார். ஊரில் ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் மூக்குக்கு நெடி தெரிந்திருக்கிறது, நாக்கு எரிந்திருக்கிறது, பிள்ளைகள் வேண்டாமென்று அழுதிருக்கிறார்கள். அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, நான் போட்டதென்ற ஒரே காரணத்துக்காகக் குடித்திருக்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தொட்டி கழுவி மறுபடி நிரம்பியது. தலைவர் மாமா தூள் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் மாட்டேன் என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். பரிசோதகரையே வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் வர மாலையாகும், அதுவரை பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்றார் மாமா. அம்மா கடுதாசியையும் பேனையையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எழுதினேன். இந்தத் தடவை பெருக்கும் முன்பே மூன்று அளவையும் தனித்தனியாக மீட்டருக்கு மாற்றினேன். விடையைப் பவுசரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பிறகு பரிசோதகருக்கு அழைப்பு எடுத்து, அளவைச் சொல்லி, சரியா சேர் என்று கேட்டேன். சரி என்றார். மூன்று மேசைக்கரண்டி. வாளியில் போட்டபோது இருந்த இடமே தெரியவில்லை.

சொன்ன நேரம் கழிந்ததும் குழாயைத் திறந்தோம். எல்லோரும் நின்றார்கள். அம்மா முன்னால் போய் ஒரு தம்ளர் பிடித்து, மடமடவென்று முழுவதையும் குடித்தார். இந்த முறை எவ்வளவு போட்டாய் என்று அவர் கேட்கவே இல்லை.

விடுமுறை முடிந்து போனதும் கணித வகுப்பில் முன் வாங்குக்கு மாறினேன். ஒரே நாளில் கெட்டிக்காரி ஆகிவிடவில்லை. எனக்குக் கணக்கு இன்றும் மெதுவாகத்தான் வரும். ஆனால் நான் உயிராக நேசித்த இரசாயனவியலில், எது எதோடு சேரும் என்ற பாதியை மட்டுமே அதுவரை படித்திருந்தேன் என்பது விளங்கியது. எவ்வளவு என்ற மற்றப் பாதி கணக்கில் இருந்தது. அந்தப் பாதியைத்தான் நான் ஓரமாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது அதே பீடத்தில் ஆய்வுகூடத்தில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு உதவியாக நிற்கிறேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை, நாங்க பயோ, எங்களுக்குக் கணக்கு எதுக்கு மிஸ் என்று சிரித்துக்கொண்டு கேட்கும். எனக்குச் சிரிப்பு வராது. வெறும் போத்தல்கள் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு தராசு வரிசையில் நின்ற அம்மாதான் கண்ணுக்குள் வருவார். அந்தப் பிள்ளை எழுதி முடித்த விடையை எடுத்து, இன்னொரு தடவை பார்ப்பேன்.